சுடாத மண்

ப்ரீதாவின் படைப்புக்குப் பெயர் 'தொடுகை'. அப்பளம் அளவில், அப்பளத்தைவிடச் சற்றே தடிமனான வெள்ளைக் களிமண் தகடுகள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் உள்ளங்கையில் அழுத்தி எடுத்தது. டெல்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்தில் கை இருந்த எல்லோரும் கொடுத்திருந்தார்கள். அவற்றில் ஓட்டை போட்டு, பருத்தி நூலால் ஒன்றோடொன்று கோத்து, கல்லூரிக் கூடத்தின் ஒரு சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்தாள். சூளையில் சுடவில்லை. சுட்டால் கெட்டியாகிவிடும், மனிதர்கள் அப்படிக் கெட்டி இல்லை என்பது அவள் கட்சி. அதோடு விட்டாளா? மொத்தப் பாரத்தையும் மேல் மூலைகளில் இருக்கும் இரண்டே தகடுகள் தாங்கும்படி செய்திருந்தாள். கலைக் கல்லூரியில் இதைத் துணிச்சல் என்பார்கள். நான் படிக்கும் பொறியியல் கல்லூரியில் வேறு பெயர் உண்டு.

அன்று காலை நடுவர்கள் வருகிறார்கள். இறுதியாண்டில் ஒரே ஒருவருக்கு, ஓராண்டுக்கு உதவித்தொகையும் வேலை செய்ய ஓர் அறையும் கொடுப்பார்கள். கிடைத்தால் ப்ரீதா சிற்பி. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் குருகிராமில், அவள் அண்ணன் ஜெகன் பேசி வைத்திருக்கும் அலுவலகத்தில், இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு வருபவர்களுக்கு ஏன் கிடைக்காது என்று பதில் அனுப்பும் வேலை. வீட்டில் கூடிப் பேசி எல்லோரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு.

விளக்கக் குறிப்பைப் பிரதி எடுக்க நானும் அவளும் வெளியே போயிருந்தோம். குறிப்பை எழுதியது நான். 'இருத்தலின் விளிம்பு' என்று இரண்டு இடங்களில் வரும். இரண்டு இடத்திலும் எனக்கு அர்த்தம் தெரியாது. திரும்பி வந்தபோது, காவலுக்கு விட்டுப்போன அவள் அம்மா அம்சவேணி ஆண்ட்டி ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"நாலு மூலைக்கும் பொட்டு வச்சிட்டேன்டி. இனி ஒரு கண்ணும் படாது."

அவர்கள் வீட்டில் புது ஸ்கூட்டர், ஃப்ரிட்ஜ், ஜெகனின் லேப்டாப் எதுவும் சந்தனம் குங்குமம் இல்லாமல் வேலையை ஆரம்பித்ததில்லை. லேப்டாப் மட்டும் ஆரம்பித்த அன்றே நின்றது. அதற்குக் கம்பெனிதான் காரணம் என்று முடிவாயிற்று.

ப்ரீதா கேட்டது ஒன்றே ஒன்று. "தண்ணி விட்டுக் குழைச்சியா?"

"பின்ன, பொடியாவா ஒட்டும்? ஐ.என்.ஏ. மார்க்கெட்ல வாங்குன நல்ல குங்குமம். தாராளமாத்தான் வச்சிருக்கேன்."

"அது சுடாத மண்ணும்மா. தண்ணி பட்டா இளகிடும்."

ஆண்ட்டியின் கை அப்படியே வாய்க்குப் போனது.

நான் மேலே பார்த்தேன். இடது மூலைத் தகட்டில் சிவப்புப் பொட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஈரம் படர்ந்துகொண்டிருந்தது. நூல் போகும் ஓட்டை வட்டமாக இருந்தது இப்போது நீள்வட்டம். கீழே தொங்கும் வரிசைகள் காற்றே இல்லாமல் லேசாக ஆடின.

"வெங்கி, ஏறு! ஜல்தி!"

ஏறினேன். தகட்டின் அடியில் நூலை இரண்டு விரலால் பிடித்து, பாரத்தை வாங்கிக்கொண்டேன். வலது பக்க ஸ்டூலில், யாரும் சொல்லாமலே, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆண்ட்டி ஏறினார். ப்ரீதா நூலை இழுத்துக் கட்டக் கம்பி தேடி ஓடினாள். வாசலில் நடுவர்கள் நின்றார்கள்.

மூன்று பேர். பேசியது ஜ்யோத்ஸ்னா மேடம் மட்டும்தான். மற்ற இருவரும் அவர் தலையசைக்கும்போது தலையசைத்தார்கள். மேடம் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆண்ட்டியைப் பார்த்தார். கண்கள் விரிந்தன.

"அச்சா... உயிருள்ள உடல்களும் இதில் சேர்த்தியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் கை நடுங்கியது. அதையும் அவர் ரசித்தார். "அந்த நடுக்கம்! எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறீர்கள்!"

நான் ப்ரீதாவிடம் தமிழில், வாய் அதிகம் அசையாமல் சொன்னேன். "ஆமான்னு சொல்லு. மீதிய நான் எழுதித் தரேன்."

"என்ன சொல்லுதா அவ?" என்றார் ஆண்ட்டி அந்தப் பக்கத்திலிருந்து.

"நாம ரொம்ப நல்லா இருக்கோமாம் ஆண்ட்டி."

ப்ரீதா கையில் கம்பியோடு நின்றாள். ஆமாம் என்ற ஒரு சொல்லுக்கு ஓர் அறை, ஓராண்டு. அவள் கம்பியைத் தரையில் வைத்தாள்.

"இல்ல மேடம்," என்றாள் அதே ஆங்கிலத்தில். "அவங்க என் அம்மா. பொட்டு வச்சாங்க, மண்ணு நனைஞ்சிடுச்சு. விட்டா விழுந்துடும், அதான் பிடிச்சிருக்காங்க."

மேடத்தின் முகத்தில் விளக்கு அணைந்தது. பேனாவைத் திறந்தார். "அப்படியானால் படைப்பு தானாக நிற்க வேண்டும். விடச் சொல்லுங்கள்."

 வெளியே ஆட்டோக்காரன் ஒருவன் யாரையோ 'பையா, பையா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"விடு, வெங்கி."

"ஏட்டி, கிறுக்கா உனக்கு?" ஆண்ட்டியின் குரல் உடைந்தது. "நான் விட மாட்டேன். எவ வேணா வந்து சொல்லட்டும்."

"நீ விட வேணாம். வெங்கி, விடு."

விட்டேன். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் ஆகவில்லை. நின்றுவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம் ஈர மூலை பிஸ்கட் போலச் சத்தமில்லாமல் பிய்ந்தது. சத்தம் எல்லாம் கீழே கேட்டது. இடப்பக்கம் முழுவதும் வரிசை வரிசையாகத் தரையில் உதிர்ந்து, அடுக்ககத்தின் பாதிக் கைகள் தூளாயின. நடுவில் நூல் அறுந்ததால் வலப்பக்கம் மட்டும் ஆண்ட்டியின் பிடியில் தொங்கியது.

மேடம் இரண்டு வரி எழுதினார். 'நன்றி' சொல்லி அடுத்த சுவருக்குப் போனார். அங்கே அவள் வகுப்புத் தோழன் கௌஷிக்கின் படைப்பு இருந்தது. எளிதில் நொறுங்கும் தன்மை பற்றியது. இரும்பு. அதைத் தூக்கி வைக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். மதியம் அவனுக்கே கொடுத்தார்கள்.

ஆனால் அப்போது மதியம் ஆகவில்லை; ஆண்ட்டி இன்னும் ஸ்டூலில்தான் நின்றார்.

"அம்மா, விடலாம். முடிஞ்சுது."

"முடிஞ்சா என்ன? நீ மொதல்ல அடியில பிடி."

ப்ரீதா கீழே மண்டியிட்டு, இரண்டு முன்கைகளையும் தொட்டில் மாதிரி நீட்டினாள். ஆண்ட்டி ஒவ்வொரு வரிசையாக இறக்கினார். நான் ப்ரீதாவின் துப்பட்டாவை விரித்தேன். அந்தப் பாதியில் ஒன்றுகூட உடையவில்லை.

"திங்கக்கிழமை போறேன்மா. அண்ணன்ட்ட சொல்லிடு," என்றாள் ப்ரீதா, தகடுகளைப் பார்த்தபடி.

ஆண்ட்டி குங்குமம் படிந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இத ஹால்ல மாட்டுவோம். டி.வி.ய எடுத்துட்டு," என்றார்.

"அந்தச் சுவர்ல ஓதம் ஏறும்மா. ஒரு வாரம் தாங்காது."

"அப்ப பெட்ரூம் சுவரு?"

ப்ரீதா கொஞ்சம் யோசித்தாள். "அங்க எத்தனை ஆணி இருக்கு?"