கை? வெளியே!

விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் மூட்டை. இருபத்தைந்து கிலோ மைதாவைத் தோளில் ஏற்றி, இடுப்பை வளைத்து இயந்திரத்தின் அண்டாவுக்குள் கவிழ்க்கும்போது மாவு எழும்பி மூக்கு, இமை, காதுமடல் எங்கும் படியும். பிறகு தண்ணீர், உப்பு, ஈஸ்ட், எண்ணெய். அண்டாவில் தொங்கும் இரும்புக் கொக்கி எல்லாவற்றையும் அடித்துப் புரட்டிப் பன்னிரண்டு நிமிடத்தில் பீட்சாவுக்கும் பூண்டு ரொட்டிக்குமான மாவாக்கிவிடும். பதினொரு வருடம் இதையே செய்ததில் பெற்றவர்கள் வைத்த பெயர் உதிர்ந்து, அவள் மாவுக்காரி ஆகிவிட்டாள்.

இயந்திரத்தின் சுவிட்ச் தூணுக்கு அந்தப் பக்கம் சுவரில் இருந்தது. அங்கே நின்றால் அண்டா தெரியாது. அதனால் சுவிட்சில் விரல் வைத்ததும் "கை?" என்று குரல் கொடுக்க வேண்டும். அண்டா பக்கத்தில் இருப்பவர் "வெளியே!" என்று சொன்ன பிறகுதான் அழுத்தலாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்தச் சட்டத்தைப் போட்டவள் சாஸ் கிண்டும் நெட்டையக்கா.

அன்றைக்கும் மாவுக்காரி சுவிட்சில் விரலை வைத்தாள். வாய் திறக்காமல், மனசுக்குள்ளே மட்டும் "கை?" என்று கேட்டாள். ஒருவருமில்லாத சமையலறையில், நெட்டையக்காவின் கொஞ்சம் கரகரத்த குரல் தூணுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

"வெளியே!"

நாற்பது நாளாக இப்படித்தான். முதல் நாள் ஓடிப்போய்ப் பார்த்தாள். அண்டாவும் மாவும் தவிர ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் பார்ப்பதில்லை, உடம்பு மட்டும் ஒருமுறை சிலிர்த்து அடங்கும்.

நெட்டையக்கா செத்துப்போகவில்லை. நாலு தெரு தள்ளி, புருஷனோடும் எட்டு வயது மகளோடும் உயிரோடுதான் இருக்கிறாள். செத்தவர்கள்தான் ஆவியாக வரவேண்டும் என்று யார் சொன்னது? மணிக்கட்டோடு போன ஓர் இடது கை போதாதா?

பகலில் அந்த உணவகத்தைப் பார்த்தால் இங்கே ஒரு கெட்டது நடந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட மேசை விரிப்புகள், பிள்ளைகளுக்குக் குட்டி நாற்காலிகள், கிரேயான் பென்சில்கள். குறைந்த விலையில் இத்தாலியச் சாப்பாடு. வாசலில் பெரிய பலகை: "குடும்பத்தோடு வாருங்கள்! ஸ்பகெட்டி வாங்கினால் பூண்டு ரொட்டி வேண்டிய மட்டும்!" சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே மார்பளவுச் சுவர்தான். பீட்சா வேகுவதைப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும் என்பது முதலாளியின் யோசனை.

அந்தச் சுவரால்தான் வினை வந்தது. "என்னம்மா இது சந்தைக்கடை மாதிரி! கையாம், வெளியேயாம்! சாப்பிடற பிள்ளைங்க பயப்படாதா?" என்று முதலாளி சத்தத்துக்குத் தடை போட்டார். அதே வாரம் அண்டாவின் மேல் இருந்த கம்பி வலையையும் கழற்றி, அது இல்லாமலே இயந்திரம் ஓடும்படி இணைப்பை மாற்றிவிட்டார். வலையைத் தூக்கினால் கொக்கி தானே நின்றுவிடும், திரும்ப மூடும்வரை ஓடாது. கூட்ட நேரத்தில் அது வீண் தாமதமாம்.

பத்தே நாள். கூடத்தில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் விருந்து, பலூனும் பாட்டுமாக இருந்தது. மாவுக்காரி சுவிட்சில் விரல் வைத்தாள். முதலாளி சுவருக்கு மேலாக அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். நுனிநாக்குவரை வந்த சொல்லை அவள் விழுங்கிவிட்டு அழுத்தினாள். அண்டாவின் ஓரத்தில் ஒட்டியிருந்த மாவை நெட்டையக்கா அப்போது வழித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மாவுக்காரி அந்த நாலு தெருவைத் தாண்டவே இல்லை. எந்த முகத்தோடு போவாள்?

எட்டு மணிக்கு முதலாளி வந்தார். கையில் ஒரு தாள்.

"மூணு மணிக்குத் தொழிலாளர் துறை ஆய்வாளர் வர்றார்மா. வலையை மாட்டிடச் சொல்லியிருக்கேன். அவர் போனதும் கழட்டிக்கலாம். நீ இதுல ஒரு கையெழுத்துப் போடு."

மாவுக்காரி படித்தாள். அதில் எழுதியிருந்தது இது: சம்பவத்தன்று வலை மாட்டியிருந்தது. நெட்டையக்கா விதியை மீறி அதன் இடுக்கு வழியாகக் கையை உள்ளே விட்டாள்.

"வலை அன்னிக்கு இல்லையே சார்."

"இல்லைன்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமா? அப்போ சுவிட்சைப் போட்டது யாருன்னு கேப்பாங்க." அவர் குரல் கனிந்தது. "உன் பேரே இதுல வராம எழுதியிருக்கேன் பாரு. நாமெல்லாம் ஒரே குடும்பம். உன்னை நான் விட்டுக்கொடுப்பேனா?"

"அக்காவும் குடும்பம்தானே சார்?"

"போன கை திரும்பி வருமா? ரெண்டு மணிக்குள்ள போட்டு வை."

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அதில் அவர் கைதேர்ந்தவர்.

ஒன்பது மணிக்கு வேலையாட்கள் ஏழு பேரும் மேசையைச் சுற்றி நின்று ரொட்டிக்கு மாவு உருட்டினார்கள். மாவு உள்ளங்கைக்கும் பலகைக்கும் நடுவே நீண்டு, விரல்போலத் திரண்டது. மாவுக்காரியால் அதைப் பார்க்க முடியவில்லை. கையை உதறிவிட்டுத் தாளை மேசைமேல் வைத்தாள்.

"நான் அன்னிக்குக் கூப்பிடலை," என்றாள். "சார் பார்த்தார்னு முழுங்கிட்டேன். அக்கா கை என்னாலதான் போச்சு. தினம் காலையில அவ குரல் கேக்குது எனக்கு. இதுல கையெழுத்தும் போட்டா நான் மனுஷியா?"

அப்படியே விம்மி அழுதாள்.

பீட்சா அடுப்பைப் பார்க்கும் அடுப்பண்ணன் பேசினார். ஐம்பது வயது, புருவம் கருகிய முகம்.

"நீ கூப்பிடலைன்னு எனக்குத் தெரியும்மா. சத்தம் வராம மிஷின் ஓட ஆரம்பிச்சுதே, காது இருக்கே எனக்கு. பத்து நாளா அப்படித்தானே ஓடிச்சு? நான் பீட்சாவைத் திருப்பிக்கிட்டு இருந்தேன்."

"வலையைக் கழட்டினப்போ ஸ்பானரை எடுத்துக் கொடுத்ததே நான்தான்," என்றார் பாஸ்தா வேகவைப்பவர், மாவைப் பார்த்தபடியே.

"அப்போ நீ மட்டும் ஏன் தனியாப் பேயோட குடித்தனம் நடத்தறே?" என்றார் அடுப்பண்ணன். "ஏழு பேருக்கும் பங்கு போடு."

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாவுக்காரியும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நாற்பது நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கல்லாவில் உட்காரும் பெண் முத்து முத்தாக எழுதினாள். முதல் வரியை மாவுக்காரி சொன்னாள்: "சுவிட்சைப் போட்டது நான்." அதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு பேர் கெஞ்சிப் பார்த்தார்கள். அவள் கேட்கவில்லை. பிறகு தடை போட்ட சத்தம், கழற்றிய வலை, உதட்டில் வைத்த விரல். கடைசியில், வலை நிரந்தரமாக இருக்கவேண்டும், குரல் கொடுக்காமல் இயந்திரம் ஓடாது என்று இரண்டு வரி. ஏழு கையெழுத்து. மாவுப் பிசுக்கில் மை கொஞ்சம் ஊறியது. கல்லாப் பெண் அதற்கு ஒரு நகலும் எடுத்து வைத்தாள்.

பன்னிரண்டரைக்குக் கூடம் நிரம்பியது. இரண்டாவது மாவு போடும் நேரம். ரொட்டிக் கூடையோடு சுவரருகே வந்த மாவுக்காரி அப்படியே நின்றுவிட்டாள்.

ஜன்னலோர மேசையில் நெட்டையக்கா உட்கார்ந்திருந்தாள். ஒரு நொடி அதுவும் பிரமை என்றுதான் நினைத்தாள். ஆனால் பக்கத்தில் புருஷன் இருந்தார், எதிரே மகள் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆவிகள் பிள்ளைகுட்டியோடு ஸ்பகெட்டி தின்ன வருவதில்லை. நாலு வருடம் அம்மா சாஸ் கிண்டிய இடத்தில் ஒரு நாள் சாப்பிடவேண்டும் என்பது மகளின் வெகுநாள் ஆசை. இடது சட்டைக்கை மணிக்கட்டருகே மடித்து ஊக்கு குத்தியிருந்தது. வலது கையால் முள்கரண்டியைச் சுழற்றினால் தட்டு நகர்ந்து நகர்ந்து போனது. புருஷன் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளியும் பார்த்துவிட்டார். முகத்தில் புன்னகை ஒட்டியிருந்தது, கண்ணில் இல்லை. சமையலறைப் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தார்.

மாவுக்காரி தூணுக்குப் பின்னால் போனாள். சுவிட்சில் விரல் வைத்தாள். மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து கேட்டாள்.

"கை?"

"வெளியே!" அடுப்பருகிலிருந்து, பாஸ்தா அண்டாவருகிலிருந்து, கல்லாவிலிருந்து.

ஒரு கணம் கழித்து, கூடத்திலிருந்து, கொஞ்சம் கரகரப்பாக:

"வெளியே!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கோ ஒரு குழந்தை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி "வெளியே!" என்றது. அடுத்த மேசையில் ஒன்று, அதற்கடுத்ததில் இரண்டு. சாஸ் அப்பிய குட்டிக் கைகள் கூடம் முழுக்க எழுந்தன. ஒரு பிள்ளையும் பயப்படவில்லை. மாவுக்காரி அழுத்தினாள். வலைக்குள் கொக்கி சுழன்றது.

முதலாளி உள்ளே பாய்ந்து வந்தார். "என்ன இதெல்லாம்? கையெழுத்து எங்கே?"

"போட்டாச்சு சார், பின்பக்கத்துல. இது உங்களுக்கு நகல், அசல் ஆய்வாளருக்கு."

படிக்கப் படிக்க அவர் காது சிவந்தது. "ஏழு பேரையும் இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன், தெரியுமில்ல? முதல்ல நீதான் கம்பி எண்ணுவே!"

"எண்ண வேண்டியிருந்தா எண்ணறேன் சார்."

"அனுப்புங்க," என்றார் அடுப்பண்ணன், பீட்சாவைத் திருப்பாமல். "மூணு மணிவரைக்கும் இங்கதான் இருப்போம். அப்புறமும் இவ பக்கத்துலதான் இருப்போம்."

மாவுக்காரி ரொட்டிக் கூடையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள்.

"அக்கா... அன்னிக்கு நான் கூப்பிடலை."

"தெரியும்டி." நெட்டையக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது. "உன்மேல எனக்குக் கோபம் இல்லைன்னு சொன்னா பொய். ராத்திரியெல்லாம் திட்டியிருக்கேன். ஆனா நாற்பது நாளா வந்து எட்டிப் பார்க்கலையே, அதுக்குத்தான்டி அதிகமாத் திட்டினேன்."

மாவுக்காரி ரொட்டியை இரண்டாகப் பிய்த்து அவள் தட்டில் வைத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்: தாள், ஏழு கையெழுத்து, மூன்று மணிக்கு வரும் ஆய்வாளர். அவர் யார் பக்கம் என்பது தெரியாது என்பதையும் சொன்னாள்.

தட்டு காலியானது. புருஷன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றேகால். "கிளம்பலாமா?"

நெட்டையக்கா நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மூணு மணிக்கு ஒருத்தர் வர்றாராமே, இருந்துட்டுப் போலாம். ரொட்டி வேண்டிய மட்டும் தருவாங்கன்னு வாசல்ல எழுதியிருக்கு இல்ல? கொண்டுவாடி இன்னொரு கூடை."