எல்லா நீதிபதிகளும் உட்கார்ந்த நாள்

1

இந்தக் கதை ஏசியில் பிறந்தது. ஏதோ ஒரு நகல் வாங்க நீதிமன்றம் போனவன், வெயில் தாங்காமல் குளிர்ச்சியாக இருந்த கூடத்துக்குள் நுழைந்துவிட்டேன். ‘நீதியைத் தேடி’ என்று எழுதத்தான் ஆசை. (எழுதினேன். மனைவி படித்துவிட்டுச் சிரித்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2

முதல் வரைவு: ‘அரசியலமைப்பின் நிழலில் ஒரு தாய்…’ வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

மறுபடியும். ஒரு தையல்காரி. இறந்துபோன தோழியின் மகளைக் கைக்குழந்தையிலிருந்து வளர்க்கிறாள். ரத்த உறவில்லாதவர் காப்பாளராக முடியாது என்கிறது மாநிலச் சட்டம். பிள்ளை, முகமே பார்த்திராத ஒரு மாமாவிடம் போகவேண்டும். இந்தச் சட்டமே அரசியலமைப்புக்கு முரண் என்று தையல்காரி வழக்குப் போட்டாள். மூன்று நீதிபதிகள் ஆமாம் என்றார்கள். தெருவுக்கே இனிப்புக் கொடுத்தாள்.

அரசு விடவில்லை, மறுவிசாரணை கேட்டது. நீதிமன்றத்தின் எல்லா நீதிபதிகளும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கச் சம்மதித்தார்கள். சம்மதித்த அன்றே பழைய தீர்ப்பு செல்லாது. அங்கே முறை அப்படி.

“ஜெயிச்சது எப்படி இல்லாம போகும்?” என்று தன் வக்கீலம்மாவிடம் கேட்டாள்.

“போகும்மா. திரும்ப முதல்லேர்ந்து.”

“அப்ப நான் குடுத்த இனிப்பெல்லாம் திரும்பி வருமா?”

3

அரசு வக்கீலை வில்லனாக்க நிறைய உழைத்தேன். மனுஷன் ஒத்துழைக்கவில்லை.

நடுவிலிருந்த நீதிபதி கேட்டார்: “குழந்தை இவங்களை என்னன்னு கூப்பிடுது?”

வக்கீலம்மா காகிதங்களைப் புரட்டினார். அதில் எங்கே இருக்கும்? பதில் பின்வரிசையிலிருந்து வந்தது.

“பெரியம்மா, தாகமா இருக்கு.”

கூடம் சிரித்தது. அரசு வக்கீல் எழுந்தார். “கூப்பிடுற பேரு உறவாயிடாது. அப்புறம் யார் வேணும்னாலும் வந்து பிள்ளையைக் கேக்கலாம். அதைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம்.”

நியாயமான பேச்சு, என் எரிச்சலே அதுதான். பார்வையாளர்கள் உள்ளே தண்ணீர் கொண்டுவரக் கூடாது. அவர் பேசிக்கொண்டே தன் மேசையிலிருந்த பாட்டிலை எடுத்துப் பின்னால் நீட்டினார். (நான் எழுதவில்லை. அவராகவே நீட்டினார்.)

4

முடிவு அ: அவள் ஜெயிக்கிறாள். எழுதிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம்தான், மேலே இன்னொரு நீதிமன்றம் இருப்பது ஞாபகம் வந்தது.

முடிவு ஆ: அவள் தோற்கிறாள். மாமா பெரிய பெட்டியோடு வாசலில் வந்து

முடியவில்லை. பேனா நல்ல பேனாதான்.

உண்மையில், தீர்ப்பைத் தேதி சொல்லாமல் ஒத்திவைத்தார்கள். வாசலில் சிறுமி காலிப் பாட்டிலோடு நின்றாள்.

“பெரியம்மா, இதைத் திருப்பிக் குடுக்கணும்ல?”

“தீர்ப்பு சொல்ற அன்னிக்கு அந்த சார் வருவார். குடுத்துடலாம்.”

“அன்னிக்கு நானும் வருவேன்ல? உங்கூட?”

“பஸ் வருது பாரு, ஓடு.”

தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கு என்னைவிட நெஞ்சுறுதி இருக்கலாம். ஆனால் அவசரமில்லை. பஸ்ஸில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்திருக்கிறது. சிறுமி ஜன்னலோரம். அவர்கள் வீட்டு நிறுத்தம் வரும்வரைக்குமாவது வாயைத் திறக்காதீர்கள்.