ஓம் சொல்லும் வழிகாட்டி

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள சின்ன அருங்காட்சியகம் ஒன்றில், பார்வையற்றவர்களுக்காகச் செயற்கை நுண்ணறிவு வழிகாட்டி செய்திருந்தார்கள். கைப்பேசியைப் பொருளுக்கு நேரே பிடித்தால் அது என்னவென்று சொல்லும். சோதித்துப் பார்ப்போமென்று கண்ணை மூடிக்கொண்டு, பித்தளைச் செம்பு ஒன்றின் முன் நின்று, "இது மரமா?" என்றேன். "ஓம்" என்றது. எங்கள் பக்கத்தில் அதற்கு 'ஆமாம்' என்று பொருள். கோபம் வந்துவிட்டது. வழிகாட்டியைச் செய்தவர் சிரித்தார். அது 'ஆமாம்' இல்லையாம். ஃபோனில் பேசும்போது அந்தப் பக்கத்திலிருப்பவர் "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருப்பாரே, அந்த ஓமாம். ஊர்ப்பேச்சு மாதிரி இருக்கட்டுமென்று முதல்நாள்தான் சேர்த்தாராம்.

நான் கண்ணைத் திறந்துகொண்டேன். திறக்க முடியாத ஒருவர் கேட்டிருந்தால்? வீடு வந்து சேருவதற்குள் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது.

2

ஆரம்பம் ஒன்று: அன்று காலை வாவியில் மீன்கள் பாடிக்கொண்டி

[வேண்டாம். மட்டக்களப்பு என்று எழுதினாலே, அந்தப் பழைய ஊர்க்கதைப்படி, மீன் பாடத் தொடங்கிவிடுகிறது.]

ஆரம்பம் இரண்டு: கம்சாயினிக்குப் பிறந்ததிலிருந்தே பார்வையில்லை. வழிகாட்டியைப் பரிசோதிப்பது அவளுடைய வேலை. அன்று பின்னேரம் அருங்காட்சியகத்தில் அதன் திறப்பு விழா. அதைச் செய்த றமீஸ் பக்கத்தில் நிற்க, கடைசிச் சுவரிலிருந்த புகைப்படத்துக்கு நேரே கைப்பேசியைப் பிடித்தாள்.

"சுனாமிக்குப் பிறகு, வாகரை முகாம், 2005 ஜனவரி. சோற்றுப் பார்சலுக்காக ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் நிற்பவர் உயரமானவர். இடது கையில் சுண்டுவிரல் தெரியவில்லை."

கம்சாயினியின் அப்பா அழகரத்தினத்துக்கு இடது சுண்டுவிரல் இல்லை. வாகரையில் மீன்பிடித்தவர். அலையோடு போனார், உடல் கிடைக்கவில்லை.*

* மனைவி கண்ணகை பொட்டை அழித்து, அன்றிலிருந்து வருடாவருடம் திவசம் கொடுத்து வருகிறாள். அலைக்குப் பிறகு எடுத்த படத்தில் அவர் நின்றால், அலை அவரைக் கொல்லவில்லை. பிறகு ஏன் மனைவியையும் மகளையும் தேடி வரவில்லை? இந்தக் கேள்விதான் கதை. அடிக்குறிப்பில் ஒளித்துவைத்ததற்குக் காரணம், மேலே எழுத எனக்குத் துணிவில்லை.

அப்பாவின் முகத்தை அவள் விரலால்தான் அறிந்திருந்தாள். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அவளுடைய சின்ன விரல் அதற்குள் சரியாகப் பதியும்.

"அவருக்கு இடது புருவத்தில தழும்பு இருக்கா?"

"ஓம். படம் பழையது, முகத்தின் மேற்பகுதி..."

மிச்சம் அவள் காதில் விழவில்லை.

3

[றமீஸை வில்லனாக்கப் பார்த்தேன். ஓமைச் சேர்த்ததை அவளுக்கு வேண்டுமென்றே சொல்லாமல் விட்டார் என்று ஒரு வரியும் எழுதினேன். மனிதர் அதற்குள் அடங்கவில்லை. விழா அவசரத்தில் மறந்துவிட்டார், அவ்வளவுதான்.]

"தங்கச்சி, பொறுங்க. அது ஆமெண்டு சொல்ற ஓம் இல்ல. நீங்க கேட்டது விளங்கிட்டெண்டு சொல்ற ஓம்."

அவள் மறுபடியும் கைப்பேசியைத் தூக்கினாள். "தழும்பு வலது புருவத்திலயா?"

"ஓம்."

"அவருக்குப் புருவமே இல்லயா?"

"ஓம்."

கைப்பேசியை இறக்கிவிட்டு, அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் றமீஸின் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்க பாத்துச் சொல்லுங்க, றமீஸ் நானா. அது என்ட அப்பாவா இருக்கலாம்."

றமீஸ் படத்துக்குக் கிட்டப் போனார். "புருவத்தில பூஞ்சணம் புடிச்சிரிக்கி. தழும்பா கறையாண்டு விளங்கல்ல. விரலும் இடுப்பில கட்டின சாரன் மடிப்புக்குள்ள மறஞ்சிரிக்கி. அவர அறிஞ்ச ஆக்கள் பாத்தாத் தெரியும்."

அறிந்த ஆள் அப்போதுதான் வெளியே ஆட்டோவில் வந்து இறங்கியது. விழாவுக்கு அம்மாவைக் கூப்பிட்டிருந்தவளும் கம்சாயினிதான்.

"படத்தக் கழட்டவா?" றமீஸின் இரண்டு கைகளும் சட்டத்தில் இருந்தன.

4

முடிவு அ: கழற்றிவிடுகிறார். கண்ணகை வந்து வெறும் சுவரை

[நிறுத்திவிட்டேன். ஒரு பெண்ணின் புருசனை அவளுக்குத் தெரியாமல் அலுமாரிக்குள் வைக்க நான் யார்?]

முடிவு ஆ: படத்தில் நிற்பவர் யாரோ ஒரு முத்தலிப். அவருடைய பிள்ளைகள் ஏறாவூரில் கடை வைத்திருக்கிறார்கள். எல்லோரும் சிரித்து, பற்றீஸ் சாப்பிட்டு

[வெட்கமாக இருக்கிறது. படத்தை உண்டாக்கியவன் நான். அதில் நிற்பது யாரென்று எனக்கே தெரியாதபோது இப்படி ஆறுதல் சொல்வது மோசடி.]

5

"விடுங்க நானா" என்றாள் கம்சாயினி.

வாசலுக்குப் போய் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து அழைத்து வந்தாள். படத்தைப் பற்றி முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா ஒரு பதிலைத் தயாராக்கிவிடுவாள் என்று பயம்.

"இதில முன்னுக்கு நிக்கிறது ஆரம்மா?"

கண்ணகை பார்த்தாள். றமீஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அதனால் அந்த முகத்தில் என்ன நடந்ததென்று எனக்கும் தெரியாது.

"ஆரோ ஒராள் மகள். நமக்குத் தெரியாத ஆள்."

"வடிவாப் பாத்தீங்களா?"

"பாத்தன். வா, கூட்டம் தொடங்கப் போகுது."

குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் கை மகளின் பிடியிலிருந்து நழுவியது. பிறகு, சேலைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியைத் துடைக்கும் சத்தம் கேட்டது. ஓரிடத்தை மட்டும், திரும்பத் திரும்ப.

வாசகரே, நீங்களும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அவள் கேட்டதைத்தான் நீங்களும் கேட்டீர்கள். இனி அவள் அம்மாவிடம் இன்னொரு தடவை கேட்பதா, நம்பிக்கொண்டு கூட்டத்துக்குப் போவதா? எனக்கு எழுத வரவில்லை. அவள் இன்னும் அங்கேயே நிற்கிறாள்.