நூற்றுக்கு ஐம்பத்தொன்று

ஒன்பது வருடங்களாக அவர் பார்த்துவந்தது ஒரே ஒரு பெயிண்ட் கம்பெனியின் பங்கை. சொந்தப் பணத்தில் பங்கு வாங்கி விற்கும் அந்த நிறுவனத்தில், மற்ற ஆய்வாளர்களுக்கு ஆளுக்கு நாலைந்து பங்குகள். இவருக்கு அது ஒன்றுதான். பெரிய தொகை ஓடியது அதில்தான்.

அவர் கண்டுபிடித்தது எளிமையான விஷயம். அந்தப் பங்கு இரண்டு நாள் தொடர்ந்து சரிந்தால் மூன்றாம் நாள் ஏறும். எப்போதும் அல்ல, நூறு தடவையில் அறுபத்திரண்டு தடவை. பாதிக்கு மேலே இருந்த அந்தப் பன்னிரண்டில்தான் அலுவலகமே பிழைத்தது.

வீட்டில் மனைவி அந்தப் பங்குக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தாள். சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்பாள், "என்ன, இன்னைக்கு அவ சிரிச்சாளா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாளா?"

இந்த வருடம் கணக்கு இடறத் தொடங்கியது. முதலில் விலைப் பட்டியலில்தான் பிழை என்று நினைத்து நாள் நாளாகத் திருப்பிப் பார்த்தார். பிழை இல்லை. கடைசிப் பன்னிரண்டு மாதங்களை மட்டும் தனியே பிரித்துப் போட்டார். நூற்றுக்கு ஐம்பத்தொன்று. காசைச் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதிர்ச்சியாக இல்லை. அசதியாக இருந்தது.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். இவரைவிடப் பத்து வயது இளையவர்.

"ரெண்டு நாளா இறங்கியிருக்கு. அறிக்கையில 'தெரியாது'ன்னு எழுதியிருக்கீங்களே சார்?"

"அந்தப் பழக்கம் அத விட்டுப் போயிடுச்சுங்க. நாம கண்டுபிடிச்சத இன்னும் நாலு பேர் கண்டுபிடிச்சிருப்பாங்க. எல்லாரும் ரெண்டாம் நாளே முந்திக்கிட்டு வாங்கினா, மூணாம் நாள் ஏற என்ன மிச்சம் இருக்கும்?"

"ஒன்பது வருஷம் பார்த்துட்டுத் தெரியாதுன்னா எப்படி? ஒரு எண் சொல்லுங்க."

"ஐம்பத்தொன்னு."

"அதெல்லாம் ஒரு எண்ணா?"

"அதுதான் இருக்கு."

அன்று வாங்கவில்லை. பங்கு நாலு சதவீதம் ஏறியது. வாங்கி விற்கும் பிரிவில் 'அவசரம்' என்று பட்டப்பெயர் எடுத்தவர் எழுந்து நின்று கும்பிட்டார். "ஐயா புண்ணியத்துல கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல!" எல்லோரும் சிரித்தார்கள். ஒரு நாள் ஏற்றம் எதையும் நிரூபிக்காது என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்.

அதன்பின் அவர் பேச்சு எடுபடவில்லை. அடுத்த மூன்று தடவையும் 'தெரியாது' என்றே எழுதினார், அவர்கள் வாங்கினார்கள். மூன்று தடவையும் சரிந்தது. கடைசித் தடவை பலத்த அடி. அதையும் அவர் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளவில்லை. மூன்று தடவை எந்த மூலைக்கு?

வெள்ளிக்கிழமை மேலாளர் அவர் நாற்காலி அருகே வந்து நின்றார். "இதை விட்டுடலாம் சார். திங்கட்கிழமையிலேர்ந்து ஒரு டயர் கம்பெனிய எடுங்க. பத்து வருஷத்து விலை கையில இருக்கு."

"திங்கட்கிழமை லீவு வேணும்."

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல. தூங்கணும்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னார்.

"நீங்க சொன்னதுதானே சரியாப் போச்சு? சந்தோஷமா இல்லையா?" என்றாள் மனைவி.

"தினமும் பார்த்த முகம். திடீர்னு யாரோ மாதிரி ஆயிடுச்சு."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை மதியம் வரை தூங்கினார். செவ்வாய்க்கிழமை போய், டயர் கம்பெனியின் முதல் நாள் விலையிலிருந்து படிக்கத் தொடங்கினார்.