உள்ளே இருந்தவர்கள்

ஆஸ்பத்திரித் துணி பொழுது சாயும்போதுதான் வரும். ரத்தம் காய்ந்த விரிப்புகளைச் சோடாத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தாள் நெட்டை. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தது. நீராவியில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. இந்தச் சலவை ஆலையில் அழுவதற்கு அது வசதி. அவள் அழவில்லை.

அதுவே அவளுக்கு எதிராகப் போயிற்று. பிள்ளையைப் புதைத்த மறுநாளே வேலைக்கு வந்தவள், கண்ணில் ஒரு சொட்டு இல்லை என்றார் குழந்தைகள் நல அதிகாரியம்மா. வராவிட்டால் வேறு ஆள் என்று முதலாளி சொல்லி அனுப்பியது அதிகாரியம்மாவுக்குத் தெரியாது. பெரியவளை அரசு இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாயிடம் திருப்பித் தருவதா, வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவதா என்று இன்று விசாரணை.

சின்னவனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது நெட்டை இரவு வேலையில் இருந்தாள். இரும்புக் கதவை வெளியே பூட்டிச் சாவியை முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். துணி திருடு போகிறதாம். ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரி கல்லை எடுத்துக் கதவை இடித்தாள். உள்ளே எல்லோருக்கும் கேட்டது. ஈரத்துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால் பிழியும் டிரம்மும் அப்படித்தான் இடிக்கும்.

"நெட்டை, உன் டிரம்தான் அடிக்குது" என்றான் பாய்லர்காரன்.

நிறுத்தினாள். டிரம் சுற்றி ஓய நேரம் பிடித்தது. துணியைப் பிரித்துப் பரப்பி மறுபடி ஓட்டினாள். சத்தம் இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி திரும்பிப் போயிருந்தாள்.

காலையில் பூட்டைத் திறந்துவிட்டு, அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது பிள்ளை விறைத்திருந்தான்.

ஆலைக் கதவு பூட்டியிருந்தது என்று பக்கத்து வீட்டுக்காரி அதிகாரியம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். பூட்டுகிற வழக்கமே இல்லை என்றுவிட்டார் முதலாளி.

போன வாரம் இல்லத்தில் பார்க்க விட்டார்கள். மகள் பக்கத்தில் வரவில்லை.

"கல்லால இடிச்சாங்களாமே. உனக்குக் கேக்கலையாம்மா?"

"கேட்டுச்சு" என்றாள் நெட்டை. பிள்ளையிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த அதிகாரியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

இன்றும் முதலாளிதான் வந்து பூட்டைத் திறந்தார்.

"ஐயா, ராத்திரி பூட்டறது உண்மைதான்னு ஒரு வார்த்தை அங்க வந்து சொல்லணும்."

"சொன்னா கவர்மெண்டுக்காரன் ஆலையை இழுத்து மூடிடுவான். அப்புறம் இத்தனை பேர் சோத்துக்கு நீ பொறுப்பா?"

"என் பொண்ணைத் தர மாட்டாங்கய்யா."

"போனவன் போயிட்டான். இருக்கறவ அங்க மூணு வேளை சாப்பிடுறா. உன்கிட்ட வந்தா அவளுக்கு என்ன கிடைக்கும், சொல்லு." அன்பாகத்தான் கேட்டார்.

"அப்படின்னா உங்க பிள்ளைங்களையும் அங்கேயே விட்டுடுங்க முதலாளி, செலவு மிச்சம்" என்றாள் இஸ்திரி மேசையிலிருந்த அக்கா.

யாரோ சிரித்துவிட்டார்கள். முதலாளியின் முகம் இறுகியது.

"இவளுக்குச் சாட்சி சொல்லப் போறவங்க நாளைக்கு இந்தப் பக்கம் வர வேணாம்."

கூட வருவதாகச் சொல்லியிருந்த பாய்லர்காரன் தரையைப் பார்த்தான்.

"நீங்க இருங்கண்ணே, உங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்றாள் நெட்டை.

"டிரம்முன்னு சொன்னவன் நான்தானேம்மா" என்றவன் போய் நீராவியை அடைத்தான். ஒவ்வொரு மெஷினாக மூச்சு விட்டு நின்றது.

"ஒருத்தர் போனா ஒருத்தரைத் துரத்துவாரு" என்றாள் அக்கா, இஸ்திரியை நிமிர்த்தி வைத்தபடி. "எல்லாரும் போனா இந்த ரத்தத் துணியை யாரு துவைக்கிறது, அவரு சம்சாரமா?"

கிளம்பினார்கள். முதலாளி கதவை மறித்து நின்று பார்த்தார். சோடா நாற்றத்தோடு ஒரு கூட்டமே நெருங்கி வந்ததும் விலகிக்கொண்டார்.

வழியில் நெட்டை கேட்டாள். "கேட்டுச்சான்னு மறுபடி கேப்பாங்களேக்கா. நான் என்ன சொல்ல?"

"கேட்டுச்சுன்னே சொல்லு. எங்களுக்கும் கேட்டுச்சுன்னு நாங்க சொல்றோம்."

விசாரணை அறை வாசலில் குமாஸ்தா கையை நீட்டித் தடுத்தார். "இத்தனை பேர் எதுக்கு? யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும்."

"அந்த ஒருத்தருக்கு நாளைக்கு வேலை போயிடுங்க" என்றாள் அக்கா. "எல்லாரும் சொல்றோம்."

"நாள் பூரா ஆகும்மா."

"ஆகட்டும்."

பாய்லர்காரன் உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. அடுத்து சொல்ல வேண்டியவள் எழுந்துபோய் வாசலில் நின்றாள். மற்றவர்கள் நெட்டையை நடுவில் விட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள்.