முன்னாடி படம்

அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டியைத் தொட்டுப் பார்த்த அவள், இன்னும் சூடு போகவில்லை என்று தட்டை மின்விசிறிக்கு நேராக நகர்த்தினாள். சூட்டோடு பாக்கெட்டில் போட்டால் உள்ளே வேர்த்து, சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடும். அது ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பழக்கம் அவளிடம் இல்லை. தேதி ஸ்டிக்கர்களைக் கிழித்து மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டிவைத்துக்கொண்டாள். பாக்கெட்டின் வாயைத் திறப்பது, அறுத்த ரொட்டியை ஒரே தள்ளில் உள்ளே விடுவது, வாயை முறுக்கி டேப் ஒட்டுவது எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அந்த வேகத்தால்தான் பேக்கரியில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பேர் வந்தது. அவளுடைய சொந்தப் பேரை முதலாளிகூட மறந்திருப்பார்.

பாக்கிங் மேசைக்கும் கடைக்கும் நடுவே பெரிய கண்ணாடி ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் அங்கே சுவர்தான் இருந்தது. டிவியில் ஏதோ பிஸ்கட் விளம்பரத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள் சிரித்துக்கொண்டே பாக்கிங் செய்வதைப் பார்த்துவிட்டு, முதலாளி சுவரை இடித்துக் கண்ணாடி வைத்தார். 'உங்கள் கண்ணெதிரே பாக்கிங்' என்று அதன் மேல் எழுதியும் வைத்தார். அதிலிருந்து, வாங்க வருகிறவர்கள் ரொட்டியைப் பார்ப்பதைவிட எக்ஸ்பிரஸைப் பார்ப்பதுதான் அதிகம். அன்று காலையிலும் பார்த்தார்கள். ஆனால் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். காரணம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் புரியவில்லை.

எல்லாம் மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் போட்டோக்காரத் தம்பியால் வந்தது. தினமும் பன் வாங்க வருகிறவன்தான். போன மாதம் ஒருநாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவளையே பார்த்தான். பிறகு உள்ளே தலையை நீட்டி, "அக்கா, ஒரு விளம்பரத்துக்கு முகம் வேணும். நடிக்கிறவங்க முகம் வேணாம், அடுத்த வீட்டுல இருக்கிறவங்க மாதிரி வேணும்னு கம்பெனி கேக்குது. வர்றீங்களா?" என்றான்.

கிண்டல் செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். சாப்பாட்டு வேளையில் மாடிக்குப் போனபோது, வெள்ளைத் துணியும் குடை விளக்கும் நிஜமாகவே தயாராக இருந்தன. முகத்தில் இருந்த பவுடரைக் கழுவிவிட்டு வரச் சொன்னான். "சிரிக்காதீங்கக்கா. கரண்ட் பில்லை நெனச்சுக்கங்க" என்றான். அது அவளுக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. மூலையில் இன்னொரு பெண்ணுக்கு உதட்டுச்சாயம் பூசி, முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேர் படமும் வரும்க்கா. உங்க படம் முன்னாடி, அவங்க படம் பின்னாடி."

அவளுக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. விளம்பரப் பொருளின் அட்டைப்பெட்டியில் முன்பக்கம் தன் முகம், பின்பக்கம் அந்தப் பெண்ணின் முகம் என்று எடுத்துக்கொண்டாள். அவ்வளவு அழகாக இருந்தும் அந்தப் பெண்ணைப் பின்னால் தள்ளிவிட்டார்களே என்று பாவமாகக்கூட இருந்தது. கிடைத்த பணத்தில் மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கினாள். பேக்கரியில் ஒருத்தர் விடாமல் சொன்னாள்.

"முன்னாடி என் படமாம், அண்ணே!"

"அப்ப இனிமே உன்னைப் பார்க்க டிக்கெட் வாங்கணும்னு சொல்லு" என்றார் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்டர்.

படம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் டிவி சீரியலுக்கு நடுவில் மகள்தான் முதலில் கத்தினாள். "அம்மா, நீ! அம்மா, நீ!" திரையின் ஒரு பாதியில் அவளேதான். ஆனால் கன்னத்திலும் கழுத்திலும் வட்டவட்டமாகக் கருஞ்சிவப்பில் படை படர்ந்திருந்தது. கீழே 'முன்' என்று எழுதியிருந்தது. மறுபாதியில் அந்தச் சுருட்டைமுடிப் பெண் பளிச்சென்று சிரித்தாள். அவளுக்குக் கீழே 'பின்' என்று இருந்தது. "உங்களைக் கண்டு ஒதுங்குகிறார்களா?" என்று ஓர் ஆண்குரல் உருக்கமாகக் கேட்டது. ஒரு க்ரீம் டியூப் சுழன்று வந்து நின்றது. பிறகு சீரியல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

டயர்க் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இது எப்ப வந்துச்சு உனக்கு?"

"எது?"

"அந்தப் படை."

"எனக்கு ஏதுங்க படை? தினம் பார்க்கிற மூஞ்சிதானே?"

"வெளிச்சத்துல எங்க பார்க்கிறேன்? நான் போறப்பவும் இருட்டு, வர்றப்பவும் இருட்டு" என்று எழுந்து வந்து அவள் மோவாயைப் பிடித்துத் திருப்பினான். மகள் போன் விளக்கை அடித்தாள். "இங்க லேசா இருக்குல்லம்மா?" என்று நெற்றியோரத்தைக் காட்டினாள். அது நாளெல்லாம் போட்டிருக்கும் வலைத்தொப்பியின் எலாஸ்டிக் தடம். அவளுக்கு அது நன்றாகவே தெரியும். இருந்தாலும் கண்ணாடி முன்னால் போய் நின்று தேய்த்துப் பார்த்தாள்.

அன்று காலையில், பல வருடமாக வாங்கும் டீச்சரம்மா ரொட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி வழியாக எக்ஸ்பிரஸைப் பார்த்தார். "இது மெஷின்ல பாக்கிங் பண்ணினதா, கையிலயா?" என்று முதலாளியிடம் கேட்டுவிட்டு, "இருக்கட்டும், அப்புறம் வர்றேன்" என்று வைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் கேட்கக்கூட இல்லை. கடை மூடும் நேரத்தில் ரொட்டி அலமாரி நிரம்பியே இருந்தது. முதலாளி அவளைக் கல்லாவுக்கு அழைத்தார்.

"ஏம்மா, உனக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். வாங்குறவங்களுக்குத் தெரியுமா?"

"என் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுமே, முதலாளி."

"உன் மூஞ்சியைத்தான் அவங்க டிவியில பார்த்துட்டாங்களே!"

"ஒண்ணுமில்லைன்னு ஒரு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. கண்ணாடியில ஒட்டிடலாம். இல்லாட்டி பாக்கிங்குக்கு வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான். தப்பா நெனச்சுக்காதே" என்றார்.

டயர்க் கடைச் சம்பளம் வாரத்துக்கு ஒரு மாதிரி வரும், சில வாரம் வராமலே போகும். அந்த வீட்டில் உலை கொதிப்பது பேக்கரிச் சம்பளத்தில்தான்.

நேராக மாடிக்குப் போனாள். போட்டோக்காரத் தம்பி கம்ப்யூட்டர் முன்னால் யாருடைய கல்யாணப் படத்திலோ பின்னால் நின்ற குப்பைத்தொட்டியை அழித்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா இப்படிப் பண்ணிட்டே?"

"அன்னிக்கே சொன்னேனேக்கா, உங்க படம் முன்னாடின்னு."

"முன்னாடின்னா முன்பக்கம்னுல்ல நெனச்சேன்!"

அவன் விழித்தான். முன்பக்கம் என்றும் அர்த்தம் எடுக்கலாம் என்பது அப்போதுதான் அவனுக்கே உறைத்தது போலிருந்தது. "க்ரீம் போடுறதுக்கு முன்னாடிக்கா. நான் வெறும் படம்தான் எடுத்தேன். படையெல்லாம் கம்பெனியில போட்டுக்கிட்டாங்க. இப்ப நான் சொன்னா எடுப்பாங்களா?" என்றான். பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஆனா ரொம்ப நல்லா வந்திருக்குக்கா. நிஜம் மாதிரியே இருக்கு" என்றான்.

டாக்டர் இன்னும் குழப்பினார். விளக்கைத் திருப்பி அவள் முகத்தையும் கழுத்தையும் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையேம்மா."

"அதைத்தான் எழுதித் தரணும் சார்."

"வந்து போன வியாதின்னா குணமாயிடுச்சுன்னு எழுதலாம். வராததுக்கு என்னன்னு எழுதுறது? இல்லாத ஒண்ணை இல்லைன்னு எழுதினா, என்னமோ இருந்திருக்கு போலன்னு இன்னும் சந்தேகப்படுவாங்க." சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆமா, உன்னை எங்கேயோ பார்த்திருக்கேனே?"

அவள் எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வெறுங்கையோடு பேக்கரிக்குள் நுழைந்தபோது முதலாளியின் முகம் சரியில்லை. "இன்னிக்குக் கணக்கை முடிச்சு வாங்கிக்கோம்மா" என்று அவர் ஆரம்பித்த நேரத்தில், வாசலில் கார் சாவியை ஆட்டிக்கொண்டு நின்ற ஒரு குண்டு அம்மாள் அவளைப் பார்த்து, "ஏம்மா, டிவியில வந்தது நீதானே?" என்றாள்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டதுங்க. எனக்கு எதுவுமே கிடையாது."

"கிடையாதுன்னுதான் பார்க்கிறேனே! தடம்கூட இல்லாமப் போயிருக்கே!" அந்த அம்மாள் கிட்டே வந்து கழுத்தை எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு நல்லாக் கேக்குமா அது? எங்க கிடைக்குது?"

"ஐயோ, நான் போடவே இல்லைங்க..."

"நம்ம கடையிலேயே கிடைக்கும்ங்க" என்று குறுக்கே விழுந்தார் முதலாளி. "நாளைக்கு வந்துடும்."

மறுநாள் நிஜமாகவே வந்துவிட்டது. கேக் வைக்கிற இடத்தில் க்ரீம் டியூப்களைக் கோபுரமாக அடுக்கினார்கள். கண்ணாடியில் அவளுடைய 'முன்'னும் அந்தப் பெண்ணின் 'பின்'னும் சேர்ந்த பெரிய படத்தை ஒட்டினார்கள். முதலாளி அவளுக்குப் புது மேலங்கி ஒன்று கொடுத்து, பாக்கிங் மேசையிலிருந்து மாற்றிக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார்.

"நீ ஒண்ணும் பேச வேணாம். கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லு."

"இல்லாததை எப்படி முதலாளி ஆமான்னு சொல்றது?"

"இல்லைன்னு சொன்னியே, யாராவது நம்பினாங்களா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். கட்டின புருஷனே நம்பவில்லை. அவள் புது மேலங்கியை மாட்டிக்கொண்டாள்.

முதல் இரண்டு பேரிடம் ஆமாம் என்று சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் பழகிவிட்டது. டீச்சரம்மாவே திரும்பி வந்து, "நல்லவேளை, குணமாயிடுச்சு" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு இரண்டு ரொட்டி வாங்கிப் போனார். பாக்கிங் மேசைக்கு வந்த புதுப் பெண் ஆறாத ரொட்டியை உள்ளே போடுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எக்ஸ்பிரஸுக்குக் கை துடித்தது. ஆனால் அவள் இடம் இப்போது அது இல்லை.

"இல்லாத நோயில படுத்து எந்திரிச்சவ ஊரிலேயே நீ ஒருத்திதான்" என்றார் மாஸ்டர். அவள் சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

வீட்டில் கணவன், "அந்த க்ரீம்ல ஒண்ணு கொண்டு வாயேன். முழங்கையில அரிப்பு நிக்கவே மாட்டேங்குது. உனக்குத்தான் நல்லாக் கேட்டுச்சே" என்றான்.

"நீங்களுமா இப்படிச் சொல்றீங்க? எனக்கு எங்கங்க இருந்துச்சு?"

"அதுவும் சரிதான்" என்று அவன் தலையைச் சொறிந்தான். "இருந்தாலும் கொண்டு வா."

ஒருநாள் முகம் கழுவும்போது அவள் விரல் தானாகவே இடது கன்னத்துக்குப் போய், படத்தில் படை இருந்த இடத்தைத் தடவியது. போய்விட்டது என்று மனசுக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. அடுத்த கணமே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வராத ஒன்று எப்படிப் போகும்? குழாயை மூட மறந்து, வாளி வழிந்து தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தனக்கு என்னவோ ஆகிறது என்று பயமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் மதியம், கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு பெண் வந்தாள். வெயிலிலும் கழுத்தைச் சுற்றித் துணி போட்டிருந்தாள். நேற்றைய ரொட்டியைக் குறைந்த விலைக்கு வைக்கும் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, கண்ணாடியில் இருந்த படத்தையும் எக்ஸ்பிரஸையும் மாறிமாறிப் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்ததும் கிட்டே வந்தாள்.

"அக்கா, உங்களுக்கு எவ்வளவு நாள்ல போச்சு?"

எக்ஸ்பிரஸ் பேசுவதற்குள் அவள் துணியை விலக்கினாள். கழுத்திலிருந்து தோள்வரை நிஜமான படை. சொறிந்து சொறிந்து ஓரத்தில் நீர் கோத்திருந்தது.

"ரெண்டு வீட்டுல சமையல் வேலை பார்த்தேன்க்கா. இதைப் பார்த்துட்டு வர வேணாம்னுட்டாங்க. போயிடுச்சுன்னா மறுபடி சேர்த்துக்கிறாங்களாம்."

"இல்லம்மா, நீ முதல்ல ஒரு டாக்டரைப்..."

கல்லாவில் முதலாளி இருமினார். சில்லறையை எண்ணுகிற மாதிரி குனிந்திருந்தார், ஆனால் அவர் விரல்கள் அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புதுப் பெண் வேகமாக டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்டப் போனேன்க்கா. எழுதிக் கொடுத்ததை வாங்க முடியலை." அந்தப் பெண் கையை உயர்த்தி, கேட்காமலேயே, புறங்கையால் எக்ஸ்பிரஸின் கன்னத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். "வழவழன்னு இருக்கே! நிஜமாவே போயிடுச்சாக்கா?"

ஆமாம் என்றால் பொய், இல்லை என்றாலும் இவள் நம்பப்போவதில்லை. எதைச் சொன்னாலும் இந்தக் கன்னம் வேறொன்றைச் சொல்லும்.

"ம்" என்றாள்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளங்கையில் இருந்த பணத்தையும் டியூபின் விலையையும் பார்த்தாள். பிறகு மற்றொரு கையிலிருந்த ரொட்டியை, நசுங்கிவிடாமல், எடுத்த அடுக்கிலேயே திரும்ப வைத்தாள்.