முக்கோணக் காகிதத்தில் ஒரு கால்

சுண்டலில் அந்துருண்டை வாசனை ஏறிவிடக் கூடாது என்றுதான் பாகீரதி அந்த வெள்ளை உருண்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தாள். வேறு எந்த எண்ணமும் அவளுக்கு இல்லை. சரஸ்வதி பூஜைப் பலகையில் பாயசமும் சுண்டலும் வைக்கிற இடத்திற்கு ஒரு சாண் தள்ளி அந்தச் சின்ன மரப்பெட்டி இருந்தது. மூடியையும் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். மூடியே கிடந்தால் சரஸ்வதி எதைப் பார்ப்பாள்?

பெட்டிக்குள் இருந்தது ஒரே ஓர் ஈ.

ஈ என்றால் நம் வீட்டில் மாம்பழத் தோலைச் சுற்றுகிறதே, அது இல்லை. ஒரு மணி ரவைக்குக் கூனும் இறக்கையும் முளைத்தால் எப்படி இருக்கும், அவ்வளவுதான். அதன் மேல் ஊசி குத்தினால் ஈயே மிஞ்சாது. அதனால் கெட்டிக் காகிதத்தை முக்கோணமாக நறுக்கி, நுனியில் ஒரு பொட்டுப் பசை வைத்து, அதில் ஈயை ஒட்டி, காகிதத்தின் அகன்ற பக்கத்தில் ஊசியைக் குத்தி நிறுத்தியிருந்தார் அவள் கணவர் அனந்தநாராயணன். ஊசியின் கீழே கடுகு கடுகாக எழுதிய ஒரு சீட்டு. கிடைத்த இடம் சுனாபட்டி, தேதி, கொண்டுவந்தவர் இசக்கிராஜ்.

அனந்தநாராயணன் ரயில்வே தலைமை ஆபீசில் முப்பத்தாறு வருஷம் டைப் அடித்தவர். மாதுங்காவில் மூன்றாம் மாடி வீடு. ஆபீஸ் விட்டு வந்தால் லென்ஸும் ஈயும்தான். அதிலும் எல்லா ஈயும் இல்லை. பிறத்தியார் உடம்பில் முட்டையிட்டுப் பிழைக்கிற ஈக்கள் மட்டும். ஈக்களைப் பிரித்துப் பெயர் வைக்கிறவர்கள் என்று உலகத்தில் ஒரு கூட்டம் உண்டு. அந்தக் காலத்தில் காட்டிலாகா துரையும் ராணுவ டாக்டரும் புட்டியில் போட்டுக் கப்பலேற்றி அனுப்பினதை, இந்த ஊரையே பார்க்காத யாரோ ஒருவர் குளிர் அறையில் உட்கார்ந்து, இறக்கை நரம்பை எண்ணி, காலில் எத்தனை முள் என்று எழுதி வைத்தார். அந்தப் புத்தகங்கள் முழுக்கக் கேள்விகள்தான். முதுகில் மயிர் உண்டா? உண்டு என்றால் பதினான்காம் கேள்விக்குப் போ. இல்லை என்றால் இருபதுக்குப் போ. போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் ஒரு பெயர் வரும். சுனாபட்டி ஈக்கு மட்டும் வரவில்லை. இரண்டு வருஷம் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிப் பார்த்தும் பெயர் வரவில்லை. அப்படியென்றால் அதை இதுவரை ஒருவரும் கண்டு எழுதவில்லை என்று அர்த்தம்.

கண்டெடுத்தவன் இசக்கிராஜ். தாராவியில் பூச்சி மருந்து அடிக்கிற தொழில், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். சுனாபட்டியில் ஒரு பழைய வீட்டு அலமாரிக்கு மருந்தடிக்கப் போனவன், தலையில்லாத கட்டெறும்புகள் தள்ளாடி நடப்பதைப் பார்த்திருக்கிறான். உதிர்ந்து கிடந்த தலைகளைப் பொறுக்கித் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து அனந்தநாராயணனிடம் கொடுத்தான். சொன்னால் அருவருப்பாக இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஈ எறும்பின் உடம்பில் முட்டையிடும். புழு தலைக்குள் ஏறி உள்ளே இருப்பதையெல்லாம் தின்னும். தலை கழன்று விழும். பதினைந்து நாள் கழித்து, ஒரே ஒரு தலையின் வாய் வழியாக ஒரே ஓர் ஈ வெளியே வந்தது. பெண் ஈ. இன்னும் வேண்டும் என்று கேட்டபோது இசக்கிராஜ் தலையைச் சொறிந்தான். அன்றைக்கே அந்த அலமாரி முழுக்க மருந்தடித்துவிட்டிருந்தான். அந்தக் கட்டடத்தையும் பிறகு இடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் போகிற வீட்டு அலமாரி எல்லாம் தேடிவிட்டான், தலையில்லாத எறும்பு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஈக்கு இசக்கிராஜ் பெயரையே வைப்பது என்று அனந்தநாராயணன் முடிவு செய்தபோது பாகீரதி சும்மா விடவில்லை.

"நாப்பது வருஷமா இந்த ஈக்களோட குடித்தனம் பண்றவ நான். பேரு மட்டும் ராஜுக்காக்கும்."

"உன் பேர்ல நல்லதா ஒண்ணு வரட்டும், பாகி. இது தலையைத் தின்கிற ஈ."

"அப்படின்னா எனக்குத்தான் ரொம்பப் பொருத்தம்," என்றாள். அவர் சிரித்ததில் கண்ணாடி நழுவியது.

வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அவர் கட்டுரையை அச்சிட ஒப்புக்கொண்டுவிட்டது. ஒரே நிபந்தனை. அந்த ஈ ஒரு பொதுக் காப்பகத்தில் சேர்ந்து அதற்கு ஓர் எண் விழ வேண்டும். நாளைக்கு யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துச் சரிபார்க்க வேண்டுமே. பெட்டியை வாங்கிப்போக ஒரு கல்லூரிக் காப்பகத்திலிருந்து சாருலதா என்ற பெண் வருவதாக இருந்தது. பூஜைக்கு முந்தின நாளே வருகிறேன் என்றாள் அவள். பாகீரதிதான் போனில் தடுத்தாள். "அஷ்டமில எதையும் வீட்டை விட்டு அனுப்பப்படாது. விஜயதசமி அன்னிக்கு வாம்மா." போன மாசம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்த அனந்தநாராயணன், உள்ளிருந்து, "சாரமில்லே, பரவால்லே, அவ இஷ்டம்," என்றார்.

எல்லா வருஷமும் பூஜையில் அவருடைய லென்ஸும் நோட்டும் மட்டும்தான் இருக்கும். பெட்டியை அவர் தொட விட்டதில்லை. இந்த வருஷம் அவர் எழுந்திருக்க முடியாததால் பாகீரதி தன் இஷ்டப்படி வைத்தாள். வீட்டை விட்டுக் கிளம்புகிற பெண்ணுக்கு நெற்றியில் இட்டு அனுப்புகிற மாதிரி, பெட்டியின் விளிம்பில் சந்தனமும் குங்குமமும் இட்டாள். அவருக்குச் சொல்லவில்லை. ஈ கிளம்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

சாயங்காலம் விளக்கேற்ற வந்தபோது சுவிட்ச் பலகைக்குப் பின்னாலிருந்து மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று இறங்குவதைப் பார்த்தாள். சிற்றெறும்பு. பாயசத்துக்குத்தான் என்று பட்டது. பாயசத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பலகையைச் சுற்றி மஞ்சள்பொடியால் ஒரு கோடு இழுத்தாள். பெட்டியை மூடிவிடலாமா என்று கை ஒரு தரம் மூடிப் பக்கம் போனது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைப் புனர்பூஜை வரைக்கும் அசைக்கக் கூடாது. இரண்டு வருஷமாகக் காய்ந்து கிடக்கிற ஈ ஒருவருக்குச் சாப்பாடு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கையை இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து அவர் வெந்நீர்ப் பை கேட்டார். போய்விட்டாள்.

காலையில் குளித்து, விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, பெட்டியைக் கையில் எடுத்தாள். ஊசி இருந்தது. சீட்டு இருந்தது. முக்கோணக் காகிதமும் இருந்தது. அதன் நுனி வெறுமையாக இருந்தது.

முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பலகையில் வைத்திருந்த அவருடைய லென்ஸை எடுத்துப் பார்த்தாள். பசைப் பொட்டில் ஒரு கால் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, கத்தரித்த இமைமயிர் போல. சாமந்திப் பூவை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். பலகையின் அடியில் பார்த்தாள். சுண்டல் பாத்திரத்தைக்கூடக் கிளறிப் பார்த்தாள். கோலத்தின் மேலே முழங்காலில் நின்று தரையைத் தடவிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது.

இசக்கிராஜ். தோளில் மருந்து பம்ப். அதற்கும் அவன் வீட்டில் பூஜை நடந்து, கழுத்தில் சாமந்தி மாலை போட்டிருந்தது. ஒரு கையில் பேடா டப்பா, இன்னொரு கையில் கண்ணாடிக் காகிதம் சுற்றிய ஒரு கட்டு.

"அம்மா, தசரா வாழ்த்து. சார் முழிச்சிருக்காங்களா? ஜெயினுலாப்தீன் பாய் பிரஸ்ல கார்டு அடிச்சிட்டு வந்துருக்கேன். ஐந்நூறு. சாமி கால்ல வச்சி எடுத்துட்டு சார்ட்ட காட்டலாம்னு பாத்தேன்."

கட்டின் மேலே கார்டு தெரிந்தது. இசக்கிராஜ் பெஸ்ட் கன்ட்ரோல், தாராவி. அதன் கீழே சாய்ந்த எழுத்தில் ஈயின் லத்தீன் பெயர். அந்தப் பெயரின் வாலில் இவன் பெயர்.

பாகீரதி பெட்டியை நீட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் கண் பெட்டியை விட்டுச் சுவருக்குப் போய்விட்டது. தொழில் அப்படி. மொபைல் டார்ச்சை அடித்து, பலகையின் காலிலிருந்து சுவர் வழியாகச் சுவிட்ச் பலகை வரைக்கும் போனான். மஞ்சள் கோட்டைப் பார்த்தால், எறும்பு அதைத் தாண்டியிருக்கவில்லை. பலகையின் ஒரு மூலை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த வழியாக வந்து, அந்த வழியாகவே போயிருக்கிறது.

"உள்ள கொண்டு போயிருச்சும்மா," என்றான்.

"சுவத்தை உடைச்சா?"

"உடைக்கலாம். ஆனா முழுசாவா வச்சிருக்கும்? ராத்திரியே பிச்சிருக்கும்." டார்ச்சை அணைக்காமல் அங்கேயே குந்தினான். "தினம் எத்தன வீட்டுல எறும்ப வெரட்டுதேன். இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு திரும்பி வந்தாப் போதும்னு உக்காந்துருக்கேன் பாருங்க."

"ராஜ், நான் வேணும்னு பண்ணலைப்பா." தன் வாயிலிருந்து அது வந்ததும் பாகீரதிக்கே திடுக்கென்றது. அப்படி யாரும் கேட்கவில்லையே.

"என்னம்மா பேசுதிய. வேணும்னே பண்ணுனது நாந்தான். அலமாரில அம்புட்டையும் மருந்தடிச்சிக் கொன்னவன் யாரு? நாலு விட்டு வச்சிருந்தா இன்னைக்கு இந்தப் பாடு உண்டா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு, ராஜா? என்ன ரெண்டு பேரும் குசுகுசுங்கறேள்?"

பாகீரதி பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவிலிருந்து கட்டிலுக்கு ஏழெட்டு அடிதான். அவர் தலையணையில் சாய்ந்து, சவரம் செய்யாத முகத்தோடு, சாருலதாவுக்காக மாற்றிக்கொண்ட வெள்ளைச் சட்டையோடு இருந்தார். அவள் சொல்வதை முழுக்கக் கேட்டார். பிறகு கேட்க ஆரம்பித்தார், அந்தப் புத்தகம் கேட்கிற மாதிரியே.

"மூடி?"

"தெறந்து வெச்சேன்."

"உருண்டை?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"சுண்டல்ல வாசனை ஏறிடும்னு."

"ஏதாவது மிச்சம் இருக்கா?"

"ஒரு கால்."

"எந்தக் கால்? பின்னங்காலா?"

அவளுக்கு என்ன தெரியும்? நாற்பது வருஷம் அவர் பக்கத்தில் இருந்தும் ஈக்கு முன்னங்கால் எது பின்னங்கால் எது என்று பார்த்ததில்லை. லென்ஸை அவரிடம் கொடுத்துப் பெட்டியை நீட்டினாள். படுத்த வாக்கில் வெளிச்சம் போதவில்லை. அவளும் இசக்கிராஜும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரைச் சற்றே தூக்கிப் பார்த்தார்கள். வலியில் அவர் பல்லைக் கடித்தார். திரும்பப் படுக்க வைத்துவிட்டார்கள்.

பதினொரு மணிக்குச் சாருலதா வந்தாள். ஈயைப் பத்திரமாகக் கொண்டுபோகப் பஞ்சு வைத்த டப்பா, பதிவேட்டுப் படிவம் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். வழியில் யாரோ தசராவுக்குத் தங்கம் என்று சொல்லிக் கொடுத்த ஆப்டா மர இலைகளும் கையில் இருந்தன. ஜன்னலோரம் போய், தன் பையிலிருந்த பெரிய லென்ஸால் வெகுநேரம் பார்த்தாள்.

"நடுக்கால், மாமா," என்றாள்.

அனந்தநாராயணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நடுக்கால்னா என்னம்மா?" என்று கேட்டான் இசக்கிராஜ்.

"இந்த ஜாதி ஈயைப் பின்னங்காலையும் முட்டையிடற உறுப்பையும் வெச்சுத்தான் பிரிக்கறது. நடுக்கால் எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"போட்டோ இருக்குல்லா? சார் படம் வரைஞ்சிருக்காங்கள்ல?"

"படத்தை வெச்சு எண் போட முடியாது, அண்ணா. ஐ யாம் சாரி." அவள் படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். வைத்த பிறகும் போகத் தோன்றாமல் நின்றாள்.

இசக்கிராஜ் கார்டுக் கட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அனந்தநாராயணன் பார்த்துவிட்டார்.

"அது என்ன ராஜ்? இங்கே கொடு."

"ஒண்ணுமில்ல சார். சும்மா."

"கொடுங்கறேன்."

வாங்கி ஒரு கார்டை உருவி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "ஸ்பெல்லிங் சரியாப் போட்டிருக்கான் பாய்," என்றார். கார்டைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மற்றதைத் திருப்பிக் கொடுத்தார்.

கீழே தெருவில் மாலை போட்ட டாக்சி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. இசக்கிராஜ் மெல்லக் கேட்டான். "சார், அந்த எறும்புக்கு மருந்து அடிச்சிரட்டுமா?"

"வேண்டாம்."

"அடிக்கலேன்னா மத்த பெட்டிக்கும் ஏறும் சார்."

"தெரியும். இன்னிக்கு வேண்டாம்."

பிறகு அவர் பாகீரதியைக் கூப்பிட்டார். பத்திரிகைக்கு இன்றே தெரிவித்துவிட வேண்டும், அவர்கள் இடம் ஒதுக்கிக் காத்திருக்கிறார்கள் என்றார். "ஒரு காகிதம் எடுத்துக்கோ. நான் சொல்றதை எழுது. சாரு டைப் பண்ணி அனுப்பிடுவா."

பாகீரதி தயங்கினாள். "இன்னும் ஒண்ணும் எழுதலையே. புனர்பூஜை ஆச்சு, அதுக்கப்புறம் பேனாவைத் தொடலை."

விஜயதசமியன்று முதலில் எழுதுகிற எழுத்து வருஷம் முழுக்கக் கூட வரும் என்று அவள் வீட்டில் ஒரு நம்பிக்கை. எல்லா வருஷமும் இரண்டு பேரும் தட்டில் அரிசி பரப்பி விரலால் ஹரி ஸ்ரீ எழுதுவார்கள். அரிசி தட்டில் பரப்பினபடியே கூடத்தில் இருந்தது.

"அதை அப்புறம் எழுதிக்கலாம்," என்றார். "இது காத்துண்டிருக்கு."

அவள் கட்டில் ஓரம் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். கை பழக்கத்தில் தாளின் மேலே பிள்ளையார் சுழி போட்டது. அவர் ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் சொல்ல, பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதிக்கொண்டு போனாள். தாங்கள் ஏற்றுக்கொண்ட கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதில் விவரித்த ஈ இப்போது எங்களிடம் இல்லை. அந்த ஒன்றைத் தவிர வேறு கிடைக்கவில்லை.

"காரணம் போடணுமா?" என்று கேட்டாள்.

"போடணும்."

"என்ன போட?"

"எறும்பு தின்னுடுத்துன்னு போடு."

பேனா நின்றது. "யாராலன்னு எழுத வேண்டாமா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டில் ஒட்டியிருந்த மஞ்சள்பொடியைக் கட்டை விரலால் துடைத்தார். அது போகவில்லை.

"எறும்புன்னு மட்டும் போடு, பாகி."

அவள் எழுதினாள்.